சிங்கம் நிழலுக்குப் படுத்த வண்டி

செல்லக்கனி கென்யாவிலிருந்து திரும்பி இன்றோடு பன்னிரண்டு நாள். இந்தப் பன்னிரண்டு நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் தெருவில் சிங்கக் கதை கேட்காத ஆள் பாக்கியில்லை. பால்காரர் கேட்டாயிற்று, தபால்காரர் கேட்டாயிற்று. மாடி போர்ஷனை வாடகைக்குப் பார்க்க வந்த ஒரு தம்பதிகூட வீட்டைப் பார்க்காமல் யானையைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவள் வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறாள். போன வாரம் நம்மோடு இருந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். வர முடியாமல் போனவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மகள் தங்கபாய்க்குத் தலைப்பிரசவம். விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மகள் தாய் வீட்டுக்கு வருவதற்குப் பதிலாகத் தாய் மகள் வீட்டுக்குப் போனாள். மருமகன் காமராஜ் அங்கே தீக்கா என்ற ஊரில் ஒரு நூல் ஆலையில் ஸ்பின்னிங் மாஸ்டர். விமானம் இறங்கும்வரை செல்லக்கனியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

நைரோபியில் மருமகன் காக்கிச் சட்டையும் தொப்பியுமாக, கூரை திறக்கும் ஒரு வேனோடு வந்து நின்றான்.

"இது யாரு வண்டி, மருமவனே?"

"நம்ம வண்டிதான் அத்தை. ஏறுங்க."

ஆலை வேலையை விட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. இப்போது அவன் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போய் மிருகங்களைக் காட்டுகிறான். நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் ராஜபாளையத்தில் இருக்கும் அவன் அப்பாவுக்கு இது தெரியாது. தங்கபாய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பொங்கலுக்கு அவிய ஊருக்கு வாராக. மாமாகிட்ட அவியளே நேர்ல சொல்லிக்கிடுவாக. அதுவரைக்கும் நீ மூச்சு விடக் கூடாது. அப்பாகிட்டயும் சொல்லாத."

"ஒங்க அப்பாகிட்ட சொல்லுறதும் ரேடியோவுல சொல்லுறதும் ஒண்ணுதான். அது எனக்குத் தெரியாதா. எதுக்குட்டி மில்ல விட்டாக?"

"அதையும் அவியதான் மாமாகிட்ட சொல்லணும்."

இவ்வளவுதான் ரகசியம். இதைக் காப்பாற்றுவது ஒன்றும் பெரிய காரியமாக இருந்திருக்காது, சம்பந்தி வைகுண்டராஜ் இந்தப் படக்காட்சியை ஏற்பாடு செய்யாமல் இருந்திருந்தால்.

வைகுண்டராஜ் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். மில்லைவிட்டு வந்த பிறகும் பஞ்சுத் தூசி இருமல் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. மாஸ்டர் முன்னால் கை கட்டி நின்ற காலமெல்லாம், தன் மகன் ஒரு நாள் மாஸ்டர் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நினைத்தவர். அவன் உட்கார்ந்தான். அதுவும் கடல் தாண்டிப் போய் உட்கார்ந்தான். அதிலிருந்து அவரைத் தெருவில் யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "மாஸ்டர் நல்லா இருக்காரு" என்றுதான் பதில் சொல்வார்.

செல்லக்கனி கொண்டுவந்த ஸ்லைடு படங்களை மில் தொழிலாளர் மன்றத்தில் போட்டுக் காட்டலாம் என்று அவர் கேட்டபோது, அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் கணவர் ஐயாதுரை "அதுக்கென்ன மச்சான், போட்டுருவோம்" என்றுவிட்டார். நோட்டீஸ்கூட அடித்தாகிவிட்டது. 'ஸ்பின்னிங் மாஸ்டர் காமராஜ் எடுத்த ஆப்பிரிக்க வனவிலங்குப் படங்கள். ஞாயிறு மாலை ஆறு மணி.'

இன்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

*

காலை ஆறரை மணிக்கு, வெயில் அடுப்படி ஜன்னலுக்கு வந்ததும், செல்லக்கனி மஞ்சள் நிற பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தாள். மொத்தம் எழுபத்திரண்டு ஸ்லைடு. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வரிக்குதிரை. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து. ஒட்டகச்சிவிங்கியின் மீதி. நக்குரு ஏரியில் கால் வைக்க இடமில்லாமல் நிற்கும் ரோஸ் நிறப் பறவைகள். வாலைக் கொடிக்கம்பு மாதிரி தூக்கிக்கொண்டு ஓடும் காட்டுப்பன்றி.

படம் எடுத்தவன் மருமகன் என்பதால் அவன் எதிலும் இல்லை. அப்பாடா என்று இருந்தபோது அறுபத்தெட்டாவது ஸ்லைடு கைக்கு வந்தது.

அதைத் தங்கபாய் எடுத்திருந்தாள். காமராஜ் டிரைவர் சீட்டில், ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சிரிக்கிறான். காக்கிச் சட்டை. பின்னால் ஒரு யானை. வண்டிக் கதவில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து.

நெருப்பில் போட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் மருமகன் சிரிக்கிற படத்தை அடுப்பில் போட எந்த மாமியாருக்குக் கை வரும். எங்கே வைக்கலாம் என்று அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் பின்கட்டில் ஐயாதுரையின் செருப்புச் சத்தம் கேட்டது.

ஐயாதுரைக்குப் பால்கோவா கடை. பின்கட்டில் நாலு அடுப்பில் பால் காயும். தினமும் காலையில் அட்டைப் பெட்டிகளை மடித்து, உள்ளே பட்டர் பேப்பர் விரித்து, அடுக்கி வைப்பது செல்லக்கனியின் வேலை. அன்றைக்கும் ஒரு கிலோ பெட்டிகள் பன்னிரண்டு அவள் பக்கத்தில் அடுக்கியிருந்தன. அவள் சட்டென்று மேல் பெட்டியில் பட்டர் பேப்பரைத் தூக்கி, ஸ்லைடை அடியில் செருகினாள்.

"என்ன செல்லம், படத்தையெல்லாம் நீ மட்டும் தனியாப் பாக்க?"

"எல்லாம் வரிசையா இருக்கான்னு பாத்தேன்."

"சரி சரி. குளிச்சுட்டு வா."

அவள் குளித்துவிட்டு வந்தபோது பதினொரு பெட்டிதான் இருந்தது.

"மேல இருந்த பெட்டி எங்கங்க?"

"எந்தப் பெட்டி? ஓ, அதுவா. சம்பந்தி வீட்டுக்கு நெறச்சு கடைப் பையன் ஆண்டிச்சாமி கையில குடுத்து எட்டு மணி பஸ்ஸுல அனுப்பியாச்சு."

இங்கே ஐயாதுரையின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அவர் யார் வீட்டுக்குப் போனாலும், அவர் போவதற்கு முன்னால் அவர் வீட்டுப் பால்கோவா போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இனிப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பது கடைக்காரன் ஆர்டர் கொண்டுவந்த மாதிரி இருக்கும் என்பார். அதனால் கல்யாணமோ, துக்கமோ, சும்மா பார்க்கப் போவதோ, காலைப் பஸ்ஸில் பெட்டி போகும், சாயங்காலப் பஸ்ஸில் அவர் போவார்.

"சாயங்காலம் நாமதான போறோம். கையோட கொண்டு போனா என்ன?"

"கல்யாணமாகி இருபத்தெட்டு வருசம் கழிச்சு இதக் கேக்கியே. ஏன், பெட்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்ல பெட்டி" என்றாள் செல்லக்கனி.

*

மூன்று மணி பஸ்ஸில் இரண்டு பேரும் ராஜபாளையம் போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் ஐயாதுரை பக்கத்து சீட்டுக்காரருக்குக் கென்யாவைப் பற்றி விளக்கினார். கென்யாவுக்குப் போய் வந்தவள் ஜன்னலோரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டு வாசலில் இசக்கியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். காமராஜின் அம்மா. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு.

"வாங்க மதினி, வாங்க. பால்கோவா வந்துச்சு. தெருவுக்கே குடுத்தாச்சு. காலியாயிருச்சு."

"பெட்டி எங்க மதினி?"

கேட்ட பிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று செல்லக்கனிக்கே உறைத்தது. ஆனால் இசக்கியம்மாள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதிரியாகச் சிரித்தாள்.

"பத்திரமா இருக்கு. நீங்க ஒண்ணும் வெசனப்படாதிய."

காப்பி போட அவள் உள்ளே போனதும் செல்லக்கனி நேரே பின்கட்டுக்குப் போனாள். அம்மியின் பக்கத்தில் பெட்டி பிரித்துக் கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. முற்றத்தில் வைகுண்டராஜின் வெள்ளை நாய் பட்டர் பேப்பரை முன்காலால் அமுக்கிக்கொண்டு நெய் மணம் போகும்வரை நக்கிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் பேப்பரின் கடைசித் துண்டையும் விழுங்கிவிட்டு, இன்னும் ஏதாவது உண்டா என்கிற மாதிரி நிமிர்ந்தது.

செல்லக்கனிக்கு உயிர் திரும்பி வந்தது. பேப்பரோடு ஸ்லைடும் போயிருக்கும். மருமகன் படம் நாய் வயிற்றுக்குள் போனது வருத்தம்தான், ஆனால் அதைவிட நல்ல இடம் இப்போதைக்கு வேறு இல்லை. அவள் நாயின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"நல்லா இரு ராசா" என்றாள்.

*

மன்றத்து ஹாலில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் மேசை மேல் புரொஜெக்டர். அதை இயக்குவது மில் எலக்ட்ரீஷியன் சீனிச்சாமி. மேடையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. வைகுண்டராஜ் இஸ்திரி போட்ட வேட்டி சட்டையோடு மைக் முன்னால் நின்று இரண்டு முறை இருமிவிட்டு, "நம்ம மாஸ்டர் எடுத்த படம்" என்று ஆரம்பித்தார்.

படங்கள் விழுந்தன. பேசுவதற்கு இன்னொரு மைக் செல்லக்கனி கைக்கு வந்தது. முதல் இரண்டு படத்துக்கு அவள் குரல் நடுங்கியது. மூன்றாவது படத்தில் யானை வந்ததும் நடுக்கம் போய்விட்டது.

"இது அம்போசெலின்னு ஒரு எடம். அங்க காட்டுக்குள்ள நாம வண்டிய விட்டு எறங்கக் கூடாது. நாம கூண்டுக்குள்ள, அதுக வெளிய. நம்ம ஊருல மிருகக்காட்சிசாலைன்னா அது உள்ள இருக்கும், நாம வெளிய இருப்போம். அங்க மாத்தி."

ஹால் சிரித்தது. ஏரி வந்தது, பறவைகள் வந்தன. காட்டுப்பன்றிக்குக் கைதட்டல். பிறகு, துணி நிறைய ஒரு சிங்கம் வந்தது. வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தது.

"இதுதாங்க அது" என்றாள் செல்லக்கனி. "மாசாய் மாரான்னு ஒரு காடு. பூரா புல்லு. மருந்துக்குக்கூட மரம் கெடையாது. உச்சி வெயிலு. எங்க வண்டி நிக்குது. இந்தச் சிங்கம் மெல்ல நடந்து வந்துச்சு. எங்களத் திரும்பிக்கூடப் பாக்கல. வண்டி நிழல்ல வந்து பொத்துன்னு படுத்துருச்சு."

முன் வரிசைப் பிள்ளைகள் அம்மா மடிக்குள் நகர்ந்தன.

"நானும் மவளும் உள்ள. மடியில மூணு மாசப் பிள்ள. சிங்கத்துக்கும் எனக்கும் நடுவுல ஒரு தகரக் கதவுதான். வண்டிய எடுத்தா சிங்கத்து மேல ஏறும். எடுக்கலன்னா நாங்க அங்கேயேதான். டிரைவர் என்ன செஞ்சாருன்னா, இஞ்சின அமத்திட்டாரு. வாயில வெரல வச்சு எங்களப் பாத்தாரு. அம்புட்டுதான். பொறவு ஒண்ணரை மணி நேரம்."

"ஒண்ணரை மணி நேரமா?" என்றது பெண்கள் பக்கம்.

"ஆமா. பாதியில பிள்ள சிணுங்க ஆரம்பிச்சுட்டான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அப்ப டிரைவர் திரும்பாமலே மெதுவா ஆராரோ பாடுனாரு. பிள்ள கண்ண மூடிட்டான்."

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏன் மதினி, ஆப்பிரிக்கா டிரைவருக்கு ஆராரோ தெரியுமா?"

செல்லக்கனி மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தமிழாளுக நெறைய ஏறி எறங்குற வண்டி. பழகியிருப்பாரு."

"அது சரி" என்றது குரல், முழு மனசில்லாமல்.

"கடைசியில எப்படிப் போச்சு சிங்கம்?" என்று கேட்டாள் முன் வரிசைப் பெண் ஒருத்தி.

"இன்னொரு வண்டி வந்து பக்கத்துல நின்னுச்சு. அது பெரிய வண்டி, நிழலும் பெருசு. நம்மாளு எந்திரிச்சு அங்க மாறிக்கிட்டாரு. அந்த வண்டில இருந்த ஜனங்க என்ன ஆனாங்கன்னு எனக்குத் தெரியாது."

ஹால் குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை வைகுண்டராஜ் காத்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. கதை அவரை எங்கேயோ தொட்டிருந்தது. மைக்குக்கு முன்னால் வந்தார்.

"ஒரு நிமிசம். தங்கச்சி சொன்னதக் கேட்டியளா? நான் முப்பத்தாறு வருசம் மிஷின் பாத்தவன். ஓட்டுறது எல்லாருக்கும் தெரியும். எப்ப நிறுத்தணும்னு தெரிஞ்சவன் நூத்துல ஒருத்தன். தலைக்குப் பக்கத்துல சிங்கத்த வச்சுக்கிட்டு ஒண்ணரை மணி நேரம் கைய ஆட்டாம இருந்திருக்கான். என் பேரப்பிள்ளைக்கு ஆராரோ பாடியிருக்கான். அவன் யாரு பெத்த பிள்ளையோ. அந்த டிரைவருக்கு எல்லாரும் ஒரு தடவ கை தட்டுங்க."

இருநூறு பேரும் கை தட்டினார்கள். செல்லக்கனியும் தட்டினாள். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இன்னும் எட்டுப் படம்தான் பாக்கி. எட்டும் வரிக்குதிரை. தப்பித்தாயிற்று என்று நினைத்தாள்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து இசக்கியம்மாள் எழுந்தாள்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே முந்தி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளிருந்து ஒரு ஸ்லைடு வந்தது. "மதினி எனக்குன்னு பால்கோவா பெட்டிக்கு அடியில மறச்சு வச்சு அனுப்பியிருக்காக. எம்மவன் படம். காலையில இருந்து முடிஞ்சு வச்சிருக்கேன், எல்லாரும் பாக்கும்போது போடணும்னு. சீனிச்சாமி, இதையும் போடுப்பா."

செல்லக்கனி ஓடினாள். ஆனால் மேடையிலிருந்து இறங்க ஐந்து படி. இசக்கியம்மாளிடமிருந்து புரொஜெக்டருக்கு இரண்டே எட்டு.

விளக்கு மாறியது. துணியில் ஒரு யானை தலைகீழாகத் தொங்கியது. அதற்கு மேலே சக்கரங்கள். "திருப்பிப் போடுப்பா" என்று நாலைந்து பேர் சொன்னார்கள். செல்லக்கனி சாமி பெயர் ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள், ஆண்டாள்வரை வந்தபோது சீனிச்சாமி திருப்பிப் போட்டுவிட்டான்.

காமராஜ் இருநூறு பேரையும் பார்த்துச் சிரித்தான்.

காக்கிச் சட்டை. ஜன்னலில் முழங்கை. இன்னொரு கை ஸ்டீயரிங்கில். ஓரத்தில் நெய் ஊறி, யானைக்குப் பின்னால் வானம் மஞ்சளாக மினுங்கியது. கதவில் எழுதியிருந்த எழுத்து இப்போது ஆள் உயரத்துக்குத் தெரிந்தது.

வைகுண்டராஜ் துணியை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். வாசித்து முடித்த பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கதவுல என்னங்க எழுதியிருக்கு?" என்று கீழிருந்து கேட்டாள் இசக்கியம்மாள்.

அவர் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"இசக்கி சஃபாரி."

"இசக்கியா? எம்பேரா?"

"ஆமா. ஓம் பேருதான்."

"எம்பேரப் போட்டு வண்டி வச்சிருக்கானா?" அவள் துணிக்குப் பக்கத்தில் போய், மகன் முகத்தைத் தொடுகிற மாதிரி நின்றாள். அவள் நிழல் பாதி யானையை மறைத்தது. "மில்லுல எடுத்த படம் ஒண்ணுலயும் இவன் இப்படிச் சிரிச்சதில்லங்க. நீங்களே பாருங்க."

சீனிச்சாமிக்கு எப்போதுமே யோசித்துப் பேசுகிற வழக்கம் கிடையாது. "அண்ணாச்சி, அப்ப அந்த டிரைவர் நம்ம மாஸ்டரா?" என்றான்.

ஹாலே வைகுண்டராஜைப் பார்த்தது. அவர் மைக்கைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

*

செல்லக்கனி தெருவில் அவரை எட்டிப் பிடித்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் வேகமாக நடந்தார்.

"அண்ணாச்சி, செத்த நேரம் நில்லுங்க."

அவர் நிற்கவில்லை. "எம்புட்டு நாளாச்சு?"

"ஒம்பது மாசம்."

"ஒங்களுக்குத் தெரியும்."

"போய் எறங்குன அன்னைக்கே தெரியும். சொல்லாதன்னு பிள்ள கையப் புடிச்சுக்கிட்டா. எங்க வீட்டுல அவியளுக்குக்கூடத் தெரியாது. தப்பு என்மேலதான். அவிய ரெண்டு பேரையும் ஏசாதிய."

"ஏன் விட்டான்?"

"தெரியாது அண்ணாச்சி. பிள்ளமேல சத்தியமா தெரியாது. அத ஒங்ககிட்டதான் சொல்லணும்னு வச்சிருக்காராம்."

அவருக்கு இருமல் வந்தது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தார். அவள் அவர் முகத்தில் கோபத்தைத் தேடினாள். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. முப்பத்தாறு வருடம் மிஷின் சத்தத்தில் நின்றவர்களின் முகத்தில் அவ்வளவு லேசில் எதுவும் தெரிவதில்லை.

பஸ் நிலையத்துக்கு எதிரில் சிவனாண்டியின் டெலிபோன் பூத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் நேரே அங்கே போனார். சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"கென்யா போடணும்பா."

"இந்நேரம் அங்க ஆள் இருப்பாகளா அண்ணாச்சி?"

"அங்க இப்பதான் அஞ்சரை மணி. மாஸ்டர்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. அதற்குள் ஐயாதுரையும் இசக்கியம்மாளும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்கள். ஐயாதுரை செல்லக்கனியைப் பார்த்த பார்வையில் ஐந்து மாதக் குறை இருந்தது.

"எங்கிட்டகூடச் சொல்லலியே" என்றார்.

"சொல்லியிருந்தா நோட்டீஸுலயே வந்திருக்கும்" என்றாள் செல்லக்கனி.

இசக்கியம்மாள் மட்டும் நிம்மதியாக இருந்தாள். "ஏசுனா ஏசட்டும். பேசிருவாருல்லா. அதுபோதும்."

மூன்றாவது தடவை லைன் கிடைத்தது. வைகுண்டராஜ் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"ஹலோ. தங்கமா? நான் மாமா பேசுதேன். எல்லாரும் சொகந்தான். பிள்ள தூங்குதானா? நல்லது." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "டிரைவர் இருக்காராம்மா?"

செல்லக்கனி கூண்டுக் கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"ஆமாம்மா. டிரைவர்தான். கூப்பிடு. ஒங்க அத்தை வண்டியில முன் சீட்டு கேக்கா. எனக்குப் பின்னால எங்கயாச்சும் ஒரு எடம் போட்டாப் போதும்னு சொல்லு."

இசக்கியம்மாள் முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐயாதுரை தன் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுப்பதைப் பற்றி அப்போதே சிவனாண்டியிடம் விசாரிக்க ஆரம்பித்தார். செல்லக்கனிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐந்து மாதம் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி, அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

உள்ளே குரல் மாறியது.

"ஏலே. இரு, அழாத. நான் ஒண்ணும் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. மில்ல ஏன் விட்ட?"

அந்தப் பக்கத்திலிருந்து மகன் பேசினான். நீளமாகப் பேசினான். "பஞ்சுத் தூசியா?" என்று ஒரு தடவை மட்டும் கேட்டார் வைகுண்டராஜ். கேட்கக் கேட்க அவருடைய இடது கை மெல்ல மேலே வந்து, சட்டைக்கு மேல் நெஞ்சில் நின்றது.

அப்போது பார்த்து அவருக்கு இருமல் வந்தது.

அவர் அவசரமாகக் கையை நெஞ்சிலிருந்து எடுத்து, மகனுக்குக் கேட்காதபடி ரிசீவரின் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கக் குலுங்க, சத்தம் வெளியே வராமல், அவர் இருமி முடிக்கும்வரை காமராஜ் பேசிக்கொண்டே இருந்தான்.